தொகுதியும் பகுதியும்

முதல் கேள்வி கூரை.
ஓலையா, தகரமா, ஓடா.
அடுத்தது சுவர்.
மண் என்றால் விரிசல் உண்டா,
விரிசலில் பூச்சி உண்டா,
ஓடைப்பக்கம் போகும்போது கறுப்பு ஈ கடித்ததுண்டா,
கடித்தால் வாரத்துக்கு எத்தனை.
யார் எண்ணி வைத்திருப்பார்கள்?
இருந்தும் ஒரு எண் சொல்வார்கள், எங்கள் மீது இரக்கப்பட்டு.
இப்படி இறங்கி இறங்கித் தோலுக்கு வருவோம்.
சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்வோம்.

காட்டுத்தீ என்றுதான் இங்கே அதற்குப் பெயர்.
மருத்துவப் பெயர் படிவத்தின் தலையில் இருக்கிறது,
அதை வாய்விட்டுச் சொல்வது நான் மட்டும்.
வெயிலில் நின்றால் பற்றுகிறது என்கிறார்கள்.
விரிப்பு ஒட்டிக்கொள்கிறது,
வாழையிலையில் படுக்கவைத்தோம் என்கிறார்கள்.
கொப்புளம் அத்தனை மேலாக எழுகிறது,
பார்ப்பதற்குள் உடைந்துவிடுகிறது.
மூன்று வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன்;
முழுக் கொப்புளம் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

கோஹெகு ஃபுண்டு.
நோய் கண்டவர் இருபத்தாறு பேர்.
ஊரில் ஆயிரத்து நூற்றுப் பதினான்கு.
மேலே நிற்பது தொகுதி, கீழே நிற்பது பகுதி,
நடுவில் ஒரு கோடு.
என் கணுக்காலிலும் ஈ கடித்திருக்கிறது.
நான் பகுதியில் இல்லை.
மாலையில் வால்டேசிரின் ஜீப் என்னைக் கணக்குக்கு வெளியே
ஏற்றிக்கொண்டு போய்விடும்.

நோயாளி ஒருவருக்கு
அதே வயது, அதே பால், அதே தெரு,
நோயில்லாதவர் இருவர் வேண்டும்.
டோராலீசி, முப்பத்திரண்டு, ஒப்பீடு எண் 41.
முதுகில் ஒன்றுமில்லை,
சைக்கிளிலிருந்து விழுந்த பழைய தழும்பு தவிர.
எட்டு மில்லி ரத்தம் கொடுத்தாள்.
"எனக்கு ஒன்றுமில்லை என்று எழுதித் தாருங்கள்,
மாமியார் தட்டுகளைப் பிரித்து வைக்கிறாள்."
நாத்தனாருக்கு இருக்கிறதாம்.
இது ஒட்டுவதில்லை என்றேன்.
"அப்படியானால் ஏன் இந்த ஓடையைச் சுற்றி மட்டும்?"

அந்தக் கேள்விக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.
அவளிடம் அதைச் சொல்லவில்லை.

கேம்போ கிராண்டியிலிருந்து முடிவு வந்தது.
அவள் ரத்தத்தில் அந்த எதிர்பொருள் இருந்தது.
ஒப்பீட்டில் பாதிப் பேருக்கு இருந்தது.
நன்றாக இருக்கிறவர்கள்,
மரவள்ளி பிடுங்குகிறவர்கள், பந்து விளையாடுகிறவர்கள்.
வேலியே பயிரை மேய்வது பழமொழிக்குள் அடங்கும்.
இந்த வேலி பயிரை மோந்து பார்த்துவிட்டு
வாயைத் திறக்காமல் நிற்கிறது, வருஷக்கணக்கில்.
எது திறக்க வைக்கும்?
ஈயின் எச்சிலா, பிறந்த குருதியா, மழை விட்ட மாதமா
என்று எழுதி, கேள்விக்குறி போட்டு,
அடுத்த நிதியாண்டுக்கு விண்ணப்பிக்கிறோம்.

ஆய்வு முடிவுகள் தனிநபருக்குத் தெரிவிக்கப்படமாட்டா.
ஏழாவது விதி.
அவளுக்கு அதை வாசித்துக் காட்டியதும் நான்தான்.
"சரி" என்று கையெழுத்துப் போட்டாள்,
லீசியில் வரும் சீ-யை நீளமாக இழுத்து.

பதினான்கு மாதம்.
தொப்பியும் முழுக்கையுமாக வந்து நின்றாள்.
நெஞ்சில் தொடங்கி, முகத்தில், தோள்களில்.
மாத்திரையில் கன்னம் உப்பியிருந்தது.
நான் எதுவும் கேட்காமலே பொத்தானைக் கழற்றினாள்.

இருபத்தேழு.
கோட்டுக்குக் கீழே எப்போதும் இருந்தவள்,
இப்போது மேலேயும்.
ஆயிரத்து நூற்றுப் பதினான்கு
அப்படியே இருந்தது, யாருக்கும் எதுவும் ஆகாததுபோல்.

அவளுக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.
அதே வயது, அதே தெரு.
"ருசிலேனியைக் கேளுங்கள்," என்றாள்,
"ஒரே கல்லில்தான் துவைக்கிறோம்.
அவளுக்கு ஒன்றுமில்லை."

ருசிலேனியின் கூரை தகரம். சுவர் மண்.
நாய் இரண்டு.
முதுகைப் பார்த்தேன், வெயிலுக்குத் திருப்பி மறுபடியும் பார்த்தேன்.
'நோய் இல்லை' என்பதற்கு ஒரு கட்டம் உண்டு.
பேனாவை மூடிவிட்டு
வால்டேசிரிடம் பென்சில் கேட்டேன்.